பழைய ரம்பமா? புதிய ரம்பமா?

"டர்ர்ர்...!"

ஒரே சத்தம். இரண்டு பேர் அரை நாள் நின்று அறுக்க வேண்டிய மரம், சில நிமிடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது!

இது மரம் அறுக்கும் எந்திரம் செய்யும் வேலை. "செயின் ரம்பம்" என்றும் இதைச் சொல்வார்கள்.

சைக்கிள் செயின் போல ஒரு செயின். அதில் வரிசையாகப் பற்கள். செயின் சுற்றி ஓடுவதற்கு நீண்ட இரும்புப் பட்டை ஒன்று. அதற்கு "பார்" என்று பெயர். ஓட்டுவதற்கு ஒரு சிறிய பெட்ரோல் என்ஜின். எந்திரம் இவ்வளவுதான்.

இதன் அருமையைத் தமிழ்நாட்டு மக்கள் புயல் நாட்களில் கண்டார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூர் பக்கம் கரை கடந்தது. பலா மரங்களும், முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி "வார்தா" புயல் சென்னைக்கு வந்தது. நிழல் தந்த மரங்கள் தெருவை அடைத்துக்கொண்டு விழுந்தன.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி "கஜா" புயல் வேதாரண்யம் பக்கம் புகுந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாக அழிந்தன.

சாலையில் கிடக்கும் மரத்தை அகற்றினால்தான் பால் வண்டி வரும். ஆம்புலன்ஸ் வரும். மின்சாரக் கம்பம் நட ஆள் வரும். அப்போது ஊர் ஊராக ஒலித்தது இந்த "டர்ர்ர்" சத்தம்தான்.

புயல் போய்விட்டது. எந்திரத்துக்கும் வயதாகிவிட்டது. கயிறை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்ப மறுக்கிறது.

இப்போது என்ன செய்வது? செலவு செய்து பழுது பார்ப்பதா? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி அல்ல. அந்த எந்திரத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

பட்டறை வாசலில்...

பட்டறை வாசலில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே! இது பிழைக்குமா?"

"என்ன செய்யுது, தம்பி?"

"ஓடிக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு. இப்போ கயிறே இழுக்க வரலே."

"பெட்ரோல்லே ஆயில் கலந்துதான் ஊத்தினியா?"

தம்பி பதில் சொல்லவில்லை. தலையைச் சொறிகிறான்.

மெக்கானிக்குக் காரணம் புரிந்துவிட்டது!

மோட்டார் காருக்கு என்ஜின் ஆயில் தனியாக இருக்கிறது. இந்த எந்திரத்தில் அப்படி இல்லை. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் என்ஜினின் உள்ளே வழுவழுப்பைக் கொடுக்கிறது.

என்ஜின் நிமிடத்துக்கு 10 ஆயிரம் தடவைக்கு மேலும் சுற்றும். அந்த வேகத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் என்ன ஆகும்? சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோடு உரசி, கீறல் விழுந்து சிக்கிக்கொள்ளும்.

1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்பது இன்றைய எந்திரங்கள் பலவற்றுக்கு உள்ள அளவு. பழைய எந்திரங்கள் சிலவற்றுக்கு 40 மில்லி வேண்டும். எந்த அளவு என்பது எந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

20 மில்லி என்பது ஒரு மருந்து மூடி அளவு. அதை மிச்சம் பிடிக்கப் போய், என்ஜினையே இழந்தவர்கள் உண்டு!

46-ம் கிலோவில் இருந்து...

இந்த எந்திரம் பிறந்த கதை சுவையானது.

ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் ஸ்டில் என்ற என்ஜினீயர், 1926-ம் ஆண்டில் மின்சாரத்தில் ஓடும் செயின் ரம்பத்தைச் செய்தார். 1929-ம் ஆண்டில் பெட்ரோலில் ஓடும் ரம்பம் வந்தது. அதன் எடை 40 கிலோவுக்கு மேல்! தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

செயினிலும் ஒரு தொல்லை இருந்தது. பற்கள் அடிக்கடி மழுங்கின. அவற்றைத் தீட்டுவதே பெரும் பாடாக இருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க வழி காட்டியது யார் தெரியுமா? ஒரு புழு!

1946-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஆரகன் மாநிலம். ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி விறகு பிளந்துகொண்டு இருந்தார். மரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது மரத்தை இடது பக்கம் ஒரு கடி, வலது பக்கம் ஒரு கடி என்று மாறி மாறிக் கடித்து முன்னேறியது.

காக்ஸ் அதையே உற்றுப் பார்த்தார். புழுவின் தாடைபோல வளைந்த பற்களை, இடதும் வலதுமாகச் செயினில் பொருத்தினார். மரம் சுலபமாக அறுபட்டது. 1947-ம் ஆண்டில் அவர் சொந்தத் தொழில் தொடங்கினார்.

இன்று நம் ஊர் எந்திரத்தில் ஓடுவதும் அதே வகைச் செயின்தான். எடையும் குறைந்துவிட்டது. சாதாரண எந்திரம் 4 கிலோ முதல் 6 கிலோ வரைதான் இருக்கும்.

என்ஜின் மேல் பழி!

பட்டறைக்கு ஓடுவதற்கு முன், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

மரத்தை அறுக்கும்போது கீழே என்ன விழுகிறது என்று பாருங்கள்.

சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது என்று பொருள். மாவு போலத் தூள் விழுந்தால், செயின் மழுங்கிவிட்டது.

மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு எந்திரத்தை அழுத்துகிறோம். புகை வருகிறது. "என்ஜின் போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறோம். குற்றம் என்ஜினில் இல்லை! செயின் ஒரு தடவை மண்ணில் பட்டாலே கூர் போய்விடும். உருட்டு அரம் ஒன்று இருந்தால் வீட்டிலேயே தீட்டலாம்.

நாள் கணக்கில் சும்மா கிடந்த எந்திரத்துக்கு வேறு நோய் உண்டு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. பழைய பெட்ரோல் அதில் நின்றால், அந்தத் தகடு விறைத்துப் போகும். பெட்ரோல் குழாயும் வெடிக்கும்.

இவை எல்லாம் சில்லறைச் செலவுகள். பிளக், பெட்ரோல் குழாய், காற்று வடிகட்டி, கார்புரேட்டர் தகடு ஆகியவற்றை மாற்றினால் எந்திரம் பழையபடி கிளம்பிவிடும். இதற்காகப் புதிது வாங்குவது வீண்.

செயின், பார், அவற்றை ஓட்டும் பல்சக்கரம் ஆகியவை செருப்பு மாதிரி. தேய்வதுதான் அவற்றின் வேலை. புதிய எந்திரத்திலும் தேயும். ஆகவே அந்தச் செலவைப் பழைய எந்திரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

நாடி பார்ப்பது எப்படி?

சில்லறைப் பழுது இல்லை என்றால், அடுத்து என்ஜினின் நாடியைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் முதலில் சைலன்சரைக் கழற்றுவார். அந்தத் துவாரத்தின் வழியாகப் பார்த்தால் பிஸ்டன் தெரியும். அது பளபளப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் அடிபட்டுவிட்டது.

பிறகு, பிளக் இருக்கும் இடத்தில் மீட்டரை மாட்டி, உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று அளப்பார். மீட்டர் 150 பவுண்டு வாக்கில் காட்டினால் என்ஜின் திடமாக இருக்கிறது. 100 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் தளர்ந்துவிட்டது.

பிஸ்டனை மாற்றலாம். வளையத்தை மாற்றலாம். சிலிண்டரின் உள்பக்கப் பூச்சு கெடாமல் இருந்தால், ஒட்டியுள்ள அலுமினியத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, அதையே பயன்படுத்தலாம். பூச்சு உரிந்து போயிருந்தால் சிலிண்டரும் புதிது வேண்டும்.

என்ஜினின் அடிப்பெட்டி விரிசல் விட்டிருந்தால்? பேரிங் ஆடினால்? அப்போது பழுது பார்க்கும் யோசனையையே விட்டுவிடலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம்.

பிஸ்டன் கெட்டது என்பது விளைவு. ஏன் கெட்டது என்பதே கேள்வி. ஆயில் கலக்காததால் கெட்டதா? அல்லது ஆயில் சீல் தேய்ந்து, அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்ததா?

காற்று கூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் குறையும். பிஸ்டன் எரியும். சீலை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால், புதிய பிஸ்டனும் அதே கதிதான்!

"காரணத்தைக் கண்டுபிடித்தீர்களா?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் பிஸ்டனை மட்டும் மாற்றுகிறார் என்றால், பணத்தை யோசித்துக் கொடுங்கள்.

ஒரு கணக்கு

இனி பணத்துக்கு வருவோம். ஒரு உதாரணம் மட்டும்.

புதிய எந்திரத்தின் விலை 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 8 ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு 2,500 ரூபாய் ஆகிறது.

பழையதைப் பழுது பார்க்க 6 ஆயிரம் ரூபாய். அது இன்னும் 3 ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு 2 ஆயிரம் ரூபாய். பழுது பார்ப்பதே லாபம்!

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை.

உதிரிப் பாகம் கிடைக்க 15 நாள் ஆகிறது. ஒரு நாள் வேலை போனால் ஆயிரம் ரூபாய் போகிறது. 15 நாளில் 15 ஆயிரம் ரூபாய்! லாபம் எங்கே போயிற்று?

ஆகவே, "செலவு எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "பாகம் கையில் இருக்கிறதா? எத்தனை நாளில் தருவீர்கள்?" என்றும் கேளுங்கள்.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால், புதிது வாங்குவதே மேல்.

புதிது வாங்கும்போதும் இதே கேள்விதான். விலை மலிவு என்று பெயர் தெரியாத எந்திரத்தை வாங்கிவிட்டு, ஒரு சிறு பாகத்துக்கு ஊர் ஊராக அலையக் கூடாது.

வீட்டுத் தோட்டத்தில் எப்போதாவது கிளை கழிப்பவர்களுக்கு பாட்டரியில் ஓடும் சிறிய ரம்பங்கள் இருக்கின்றன. பெட்ரோல் தொல்லை இல்லை. பெரிய மரம் என்றால் தொழில் தெரிந்த ஆளை அழைப்பதே நல்லது.

உயிரின் விலை என்ன?

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு.

பாரின் மேல் நுனி மரத்தில் இடித்தால், எந்திரம் ஒரு நொடியில் எகிறி, பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் திரும்பும். கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

இதைத் தடுக்க வந்ததுதான் செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள தடுப்பு முன்னால் தள்ளப்பட்டால், ஓடும் செயின் உடனே நின்றுவிடும். 1970-ம் ஆண்டுகளில் இது எந்திரங்களில் வரத் தொடங்கியது. அதற்கு முன் செய்த எந்திரங்களில் பொதுவாக இது இல்லை.

பழைய எந்திரங்களில் அதிர்வும் அதிகம். ஆண்டுக்கணக்கில் அதைப் பிடித்தவர்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் வெளுத்து மரத்துப் போகும். இன்றைய எந்திரங்களில் அதிர்வைத் தாங்க ஸ்பிரிங்கோ, ரப்பரோ வைத்திருக்கிறார்கள்.

பிரேக்கைச் சோதிப்பது சுலபம். என்ஜினை நிறுத்துங்கள். தடுப்பை முன்னால் தள்ளுங்கள். தோல் கையுறை அணிந்துகொண்டு செயினை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. தடுப்பைப் பின்னால் இழுத்தால் செயின் நகர வேண்டும்.

பிரேக் இருந்து, அது பழுதாகி இருந்தால் சரி செய்யலாம். பிரேக்கே இல்லாத பழைய எந்திரமாக இருந்தால், என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதைப் பழுது பார்த்து வேலைக்கு எடுக்காதீர்கள். அங்கே கணக்கே போட வேண்டாம்.

நம் தம்பியின் எந்திரத்துக்குத் திரும்புவோம்.

மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்க்கிறார். பிஸ்டன் போய்விட்டது. சிலிண்டர் தப்பிவிட்டது. சீல் நன்றாக இருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. பாகம் கடையிலேயே இருக்கிறது.

"பிழைச்சிடும், தம்பி. நாளைக்குச் சாயந்தரம் வா" என்கிறார்.

தம்பி கிளம்புகிறான். மெக்கானிக் அவனைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு சின்ன ஆயில் புட்டியைக் கையில் கொடுக்கிறார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போ. இதுக்கு வேறே காசு வேணாம். அடுத்த தடவை தலையைச் சொறியாதே!"