மலைவாயிலில் மின்னேற்ற நிலையம்: மானியம் எவர்க்கு?

தேக்கடியைக் காண வருவோரிலும், கார்த்திகை மார்கழித் திங்களில் சபரிமலைக்குச் செல்லும் அடியாரிலும் மின்சாரக் காரில் வருவோர் இன்று உளர். குமுளியில் விடுதி வாயிலில் வண்டியை நிறுத்தியதும் அவர்கள் முதலில் வினவுவது அறை வாடகையை அன்று; "சார்ஜ் போட இடம் உண்டா?" என்பதையே. இக்கேள்வி காதில் விழுந்த பின் நம் குடும்பத்தினரிடையே மற்றொரு கேள்வி எழுந்துள்ளது. சார்ஜிங் ஸ்டேஷன் என்று வழக்கில் கூறப்படும் மின்னேற்ற நிலையம் அமைக்க அரசு பெருமானியம் தருகிறதாமே, விடுதி நடத்தும் நமக்கும் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் நமக்கும் அது கிடைக்குமா என்பதே அது.

சுருங்கக் கூறின், தனியொருவர் விண்ணப்பம் எழுதி நேரே பெற்றுக்கொள்ளும் மானியம் அன்று அது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி பொது மின்னேற்ற நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 2026 மார்ச்சில் முடிய வேண்டிய திட்டம் பின்னர் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. எனினும் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் திட்டமும் தீர்ந்ததே.

2025 செப்டம்பரில் கனரகத் தொழில் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், ஆளை நோக்காமல் இடத்தையே நோக்குகின்றன. அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, அரசு கல்வி நிலையம் போன்ற வளாகங்களில் பொதுமக்கள் தடையின்றி வந்து பயன்படுத்துமாறு நிலையம் அமைத்தால் செலவு முழுவதற்கும், அதாவது நூற்றுக்கு 100, மானியம் உண்டு. பேருந்து நிலையம், இரயில் நிலையம், எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களில் மின்தொடர்புப் பணிகளுக்கு 80 விழுக்காடும், மின்னேற்றும் கருவிக்கு 70 விழுக்காடும் கிடைக்கும். கடைத்தெரு, வணிக வளாகம், நெடுஞ்சாலையோரம் ஆகிய இடங்களிலோ மின்தொடர்புப் பணிகளுக்கு மட்டுமே 80 விழுக்காடு. கருவியின் விலை போட்டவர் தலையிலேயே விழும்.

மின்தொடர்புப் பணிகள் எனில் டிரான்ஸ்பார்மர், கேபிள், மின்பகிர்வுப் பெட்டி, காப்புச் சாதனங்கள், அவற்றுக்கான கட்டட வேலை ஆகியன. மலையூர்களில் நம்மவரை மலைக்கவைப்பது பெரும்பாலும் இச்செலவுதான்; கருவியின் விலையை எவரும் முன்னரே கேட்டறிந்து விடுவர்.

இனி, எவர் கேட்பது? மத்திய அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், மாநில அரசுகள் ஆகியவையே கேட்கத் தகுதி பெற்றவை. மாநிலத்தின் முகமை நிறுவனம் இடங்களைத் திரட்டி ஒரே முன்மொழிவாக அனுப்புதல் வேண்டும். பெல் நிறுவனம் திட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஏற்றுள்ளது. பணம் இரு தவணைகளில் வரும். கேரளத்தில் மின்னேற்ற நிலையங்களுக்குரிய மாநில முகமை, மின்சார வாரியமே. லோயர் கேம்பில் உள்ள நிலத்துக்கோ தமிழ்நாட்டு முகமையே வாயில். குமுளியில் நிலமும் கம்பத்தில் வீடும் உடைய அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். குடும்ப அட்டை எங்கிருப்பினும், நிலம் எந்த மாநிலத்து மண்ணோ அந்த மாநிலத்தின் கதவையே தட்ட வேண்டும்.

பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்கே திட்டத்தில் முன்னுரிமை. குமுளி நகரமும் அன்று, தலைநகரமும் அன்று. கொல்லத்திலிருந்து கோட்டயம், வண்டிப்பெரியாறு, குமுளி, கம்பம் வழியாகத் தேனிக்குச் செல்லும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே நமக்குள்ள பிடி. மூலமற்றத்தில் 780 மெகாவாட் மின்நிலையம் கொண்டு நாட்டுக்கு ஒளி தரும் இடுக்கி மாவட்டம், தன் சாலைக்குச் சிறிது மின்சாரம் கேட்டு நிற்பது வேடிக்கைதான்!

மானியம் இல்லையேல் விடுதிக்காரர் செய்வது என்ன? நம் கருத்தில், அவர்க்கு விலையுயர்ந்த அதிவேகக் கருவியே தேவையில்லை. இரவு தங்கும் விருந்தினர்க்கு நேரம் உண்டு. 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஏறத்தாழ 3 கிலோவாட் வீதம் 8 மணி நேரம் ஏற்றினால் 24 யூனிட் சேரும். சிறிய காருக்கு அது போதும். வயரிங்கும் எர்த்தும் செம்மையாக இருத்தல் வேண்டும். இணைப்பின் திறன் போதாதெனில் வாரியத்திடம் கூட்டிக் கேட்டல் வேண்டும். மலையேற்றத்தில் மின்சாரம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். ஒன்றரை டன் எடையை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் வேலைக்கு ஏறத்தாழ 2 யூனிட்டே ஆகும். வழக்கமான ஓட்டச் செலவு அதனோடு சேரும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பி வரும்.

பொதுமக்களுக்கெனக் கட்டணம் பெற்று நிலையம் நடத்த விரும்புவோர்க்கும் உரிமம் தேவையில்லை. மின்னேற்றுதல் மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவையே என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. மின்னிணைப்பைப் பெருநகரில் 3 நாளில், பிற நகராட்சிகளில் 7 நாளில், ஊர்ப்புறத்தில் 15 நாளில், மலைப்பாங்கான ஊர்ப்புறத்தில் 30 நாளில் தருதல் வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட விதி. ஆதலின் விண்ணப்பித்த நாளைக் குறித்து வைத்துக்கொள்க. கேரள அரசின் அனெர்ட் நிறுவனம் தனியார் நிலையங்களுக்கும் உதவித்தொகை அறிவித்ததுண்டு; அறிவிப்புகள் மாறக்கூடியவை ஆதலின் அவ்வலுவலகத்தில் நேரே கேட்டறிதல் நலம். "மத்திய மானியம் வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று எவரேனும் வந்தால் ஒரு காசும் கொடுக்கற்க.

தங்காமல் கடந்து செல்லும் வண்டிகளுக்கு வேண்டிய அதிவேக நிலையமே ஊரின் உண்மைக் குறை. அதற்கு ஏற்ற இடம் பேருந்து நிலையம். அங்கு 80-ம் 70-ம் கேட்க வழியுண்டு. பொது நிலத்தை அரசு நிறுவனங்களுக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் வருவாய்ப் பங்கில் தரலாம் என 2022-இன் வழிகாட்டு நெறி கூறியதால், ஊராட்சிக்கும் சிறிது வருவாய் உண்டு. எனவே ஊராட்சி தீர்மானம் இயற்றி மின்சார வாரியத்துக்கு எழுத வேண்டும் எனக் கோரும் மனு ஒன்றை நாம் வரைந்து வருகிறோம். விடுதி நடத்துவோர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோர், தம்மிடம் மின்னேற்ற வசதி கேட்டு வந்த வண்டிகள் மாதத்துக்கு எத்தனை என்ற கணக்கோடு வந்து கையொப்பமிட வேண்டுகிறோம்.