பருவத்தோடு மாறும் பூனையின் உறக்கம்

வளர்ந்த பூனை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் உறங்குவதும் விடியலிலும் அந்தியிலும் இரைதேடுவதும் இயல்பாதலால், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கத்திரி வெயிலில் அது பகலெல்லாம் குளியலறைத் தரையில் நீட்டிப் படுத்திருப்பதை நோயெனக் கொள்ள வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்து, அருகிலுள்ள மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதைப் போன்ற நாள்களில், அதே பூனை வெப்பம் காக்க உடலைச் சுருட்டிக்கொண்டு பரணில் முடங்குவதும் இயற்கையே.

உறக்கத்தினிடையே பூனை துடிப்பதும் இயல்பே: பிரான்சின் லியோன் நகரில் உறக்க ஆய்வாளர் மிஷெல் ஜூவே 1959இல் பூனைகளை ஆராய்ந்து, தசைகள் தளர்ந்திருக்க மூளை மட்டும் விழித்திருப்பதுபோல் இயங்கும் நிலையை 'முரண் உறக்கம்' என விளக்கினார்; மீசையும் பாதமும் துடிக்கும் அந்தச் சில நிமிடங்களை வலிப்பென்று அஞ்சிப் பூனையை உலுக்கி எழுப்புவோரும் உண்டு, பாவம்.

பருவத்தோடு பொருந்தாத மாற்றமே கவலைக்குரியது. பரணேறி உறங்கிய முதிய பூனை தரையிலேயே தங்கிவிட்டால் மூட்டுத் தேய்மானத்தையும், நன்றாகத் தின்றும் மெலிந்து இரவெல்லாம் கத்தி அலைந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் மிகைச்சுரப்பையும் ஐயுறலாம். ஒளிந்து கிடக்கும் பூனை ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால், பட்டினி நீளும்போது கல்லீரலில் கொழுப்புப் படியும் ஆபத்து இருப்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். காய்ச்சலென்று எண்ணி வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுப்பது அதன் உயிருக்கே உலை வைத்துவிடும்.