கோடையில் பூனையின் முடியை மழிக்கலாமா?

நலமாக இருக்கும் பூனையின் முடியை வெயிலுக்காக மட்டும் மழிக்க வேண்டியதில்லை. சென்னை போன்ற ஊர்களில் பெர்சியன் பூனை வளர்ப்போர் கோடை பிறந்ததும் ட்ரிம்மரைத் தேடுவது அக்கறையால்தான். ஆனால் அதனால் பூனைக்குப் பெரிய பலன் இல்லை.

முடியின் வேலை

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. பாதங்களின் அடியில் மட்டுமே அதற்குச் சிறிது வியர்க்கும். உடலை நக்கி, அந்த ஈரம் உலர்வதாலும், குளிர்ந்த தரையில் நீட்டிப் படுப்பதாலும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயில் நேரே தோலில் படாமல் மேல்முடி காக்கிறது. முடி குறைந்த காது நுனியிலும் மூக்கிலும் வெள்ளைப் பூனைகளுக்குத் தோல் புற்றுநோய் வருவதிலிருந்தே அந்தக் காப்பின் அருமை விளங்கும். உள்ளே உதிர்ந்து மண்டிக் கிடக்கும் பஞ்சு போன்ற முடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே கோடைக்குப் போதும்.

வீட்டில் ஒருவர் தும்முகிறார் என்று மழிப்பதும் வீண். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாவது. முடி போனாலும் அது போகாது.

மழிக்க வேண்டிய நேரம்

காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, பின்தொடை ஆகிய இடங்களில்தான் முதலில் சிக்கு விழும். சீப்பின் பல் நுழையாதபடி இறுகிய சிக்கு, பூனை அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தோலைச் சுண்டி இழுக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அந்த நிலையில் மழிப்பதே பூனைக்கு நிம்மதி. வயதான, பருத்த, மூட்டுவலியுள்ள பூனைகளால் முதுகின் பின்பகுதியை எட்டி நக்க முடியாது. அங்கே திடீரென்று சிக்கு சேர்ந்தால் நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்கேன், அறுவை சிகிச்சை, கடுமையான படர்தாமரை ஆகியவற்றுக்கு எங்கே, எவ்வளவு மழிப்பது என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

கத்தரிக்கோல் கூடாது

பூனையின் தோல் மெல்லியது, தளர்ந்தது. சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வரும். வெறும் முடி என்று நினைத்துக் கத்தரி வைக்கும் இடத்தில் தோல் இருக்கும். வெட்டுப்பட்டால் தையல் போட வேண்டி வரலாம். ட்ரிம்மரிலும் ஆபத்து உண்டு: ஓடஓடப் பிளேடு சூடேறித் தோலைச் சுடும். அவ்வப்போது நிறுத்தி, புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டினால் சிக்கு இளகும் என்பதும் தவறு. நனைந்தால் இன்னும் இறுகும். திமிறும் பூனையை அழுத்திப் பிடித்து மழிப்பதைவிட, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்து மழிப்பது மேல். மீசையைத் தொடவே கூடாது.

மழித்த பின்

நீளமுடி பழையபடி வளர நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். அதுவரை பூனையை வெயிலில் விடக் கூடாது. ஏசி அறையில் படுக்கத் துணி விரிக்க வேண்டும். மனிதர்களுக்கான சன்ஸ்கிரீனைப் பூசினால் நக்கி விழுங்கிவிடும். அதிலுள்ள சாலிசிலேட் போன்றவை பூனைக்கு நஞ்சு. சயாமிஸ் பூனைக்கு மழித்த இடத்தில் முடி கறுத்து முளைத்தால் பயப்பட வேண்டாம். தோல் குளிர்ந்தால் நிறமி கூடுவது அந்த இனத்தின் இயல்பு. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பெரும்பாலும் பழைய நிறமே வந்துவிடும்.