அர்த்தம் தெரியும்... சொல்லத் தெரியுமா?

'சார், ஐ ஹேவ் எ டவுட்!' இப்படிக் கை தூக்காத ஆள் எந்த கேம்பஸ்லயாவது உண்டா மக்களே? நாம கேட்க வர்றது கேள்வி. ஆனா, லண்டன்காரர் ஒருத்தர் கேட்டா, 'நான் சொன்னதை இவன் நம்பலை போல'ன்னு நினைச்சுக்குவார். ஏன்னா, தமிழ்ல ரெண்டுக்குமே 'சந்தேகம்'தான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்னு மனப்பாடம் பண்ணினா இப்படித்தான் மாட்டிக்குவோம்.

இதுக்கு மருந்து வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். 1929-ல் தொடங்கிய தி.நகர் லிஃப்கோவின் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதிதான் அது. பல வீடுகளில் அத்தை, அண்ணன்னு கை மாறி, அட்டை கிழிஞ்சு கிடக்கும். முதலில் ஆங்கிலத்தில் விளக்கம், அப்புறம் தமிழில் பொருள். நாம என்ன பண்றோம்? ஆங்கில வரியைத் தாண்டிக் குதிச்சு நேரா தமிழுக்கு ஓடிடறோம்!

விளக்கமே பயமுறுத்தினா என்ன செய்யறது? நியாயமான கேள்விதான். 1755-ல் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன், 'நெட்வொர்க்' என்ற சொல்லை விளக்க 'ரெட்டிகுலேட்டட்', 'டெகஸேட்டட்' என்றெல்லாம் எழுதினார். ஒரு அரியரை கிளியர் பண்ணப் போய் ரெண்டு அரியர் வாங்கின கதை!

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். பிரிக்கப்படாத வங்காளத்தில், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1935-ல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து இவர் வெளியிட்ட 'நியூ மெத்தட்' அகராதியில் சுமார் 24,000 பதிவுகள். அத்தனையையும் விளக்கப் பயன்படுத்தியது வெறும் 1,490 சொற்கள்! 1978-ல் வந்த லாங்மன் அகராதியும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் இதே வித்தையைச் செய்தது.

இதில் நமக்கு என்ன லாபம்? தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு வந்து, குரூப் டிஸ்கஷனில் வாயைத் திறக்கவே தயங்கும் நண்பர்கள் எத்தனை பேர்! பெரிய பெரிய வார்த்தை தெரியலையேன்னுதான் அவங்க கவலை. 'ஸ்பேனர்' என்ற சொல் வைவாவில் மறந்துபோச்சா? 'எ டூல் டு டர்ன் எ நட்'னு சொல்லிட்டுப் போங்க. சின்னச் சொற்களை வச்சே எதையும் விளக்க முடிஞ்சா, அதுதான் பேச்சு.

அடுத்த முறை மயிலாப்பூர்லேர்ந்து 29சி பிடிச்சு அடையாறு போகும்போது ஆடிப் பாருங்க. ஜன்னலுக்கு வெளியே தெரியற ஒரு பொருள். அஞ்சாம் வகுப்புத் தங்கச்சிக்கும் புரியற மாதிரி ஒரே வரியில் ஆங்கில விளக்கம். அந்தப் பொருளைவிடக் கஷ்டமான சொல் வந்தா நீங்க அவுட்.

முதல் சொல்: குடை. ரெடியா?