சுசான் லாங்லென் (1899–1938)
பாரிசில் பிறந்த சுசானுக்குச் சிறு வயதில் ஆஸ்துமா. உடல் தேறட்டும் என்று தந்தை சார்ல் அவர் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தார். ஆடுகளத்தில் கைக்குட்டையை விரித்து, பந்து அதன்மேல் விழும்படி அடிக்கப் பழக்கினார். 15 வயதில், 1914இல், உலகக் களிமண்தரைப் போட்டியின் பட்டம் சுசானிடம் வந்தது. பிறகு விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் 6 முறை. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 2 தங்கம்.

1926இல் ஊதியம் பெற்று ஆடத் துணிந்தார். அதற்காக அவர் மேற்கொண்ட வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் மொன்றியாலுக்கும் வந்தது. பயணம் முழுவதும் அமெரிக்க வீராங்கனை மேரி பிரவுனுடன் மோதிய ஆட்டங்கள் அனைத்திலும் சுசானே வென்றார்.

ஆனால் பணம் பெற்று ஆடியதால் விம்பிள்டனுக்குத் திரும்ப முடியவில்லை. அந்தப் பட்டப் போட்டி தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 1968இல்தான் திறந்தது. இன்று மொன்றியாலில் பரிசுப் பணத்துக்காக ஆடும் வீராங்கனைகளுக்கு வழி திறந்த முன்னோடி அவர்.