அலகையின் ஆற்றலும் அதன் எல்லையும்

பேய், பிசாசு, சாத்தான், அலகை என்னும் சொற்களை நாம் ஒரே பொருளுடையனவாக வழங்கி வருகிறோம். ஆயினும், கிறிஸ்தவ சமயம் கூறும் சாத்தான் வேறு. ஊர்ப்புறங்களில் புளியமரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பேய் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் பலருக்கு வீண் அச்சம் விளைகிறது. நோயுற்ற சிலருக்கோ பெருந்துன்பமே நேர்ந்திருக்கிறது. ஆதலின், சாத்தானுடைய ஆற்றல் எத்தகையது, அவன் கையாளும் முறைகள் யாவை, அவ்வாற்றலின் எல்லை யாது என்பனபற்றி அச்சமயம் கூறுவதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சொற்களைக் காண்போம். சாத்தான் என்பது எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்பது அதன் பொருள். சீத்தலைச் சாத்தனார் என்னும் புலவர் பெயரில் உள்ள தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவனுக்குரிய மற்றொரு பெயர், அவதூறு சொல்பவன் என்று பொருள்படும். அதனையே தமிழில் பெயர்த்தவர்கள் பிசாசு என்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு, வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் ஆண்ட அலகை என்னும் சொல்லை மேற்கொண்டது. அகாலத்தில் இறந்தவரின் ஆவியே பேய் என்பது நம் மக்களின் நம்பிக்கை. சாத்தானோ ஒருகாலும் மனிதனாய்ப் பிறந்தவன் அல்லன். தன் செருக்கினால் வீழ்ந்த வானதூதன் என்பதே கிறிஸ்தவக் கொள்கை.

அவ்வாறாயின், அவன் கடவுளுக்கு நிகரான எதிரியா? அல்லன். ஒளிக்கு ஒரு தலைவன், இருளுக்கு ஒரு தலைவன் என இரு முதற்பொருள்களை வகுத்துக் கூறியது மானி என்பவரின் சமயம். புனித அகுஸ்தீன் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதனைப் பின்பற்றி, பின்னர் அதனை விடுத்து, 387ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார். 1215ஆம் ஆண்டில் உரோமையில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், அலகைகளும் இயல்பில் நல்லனவாகவே படைக்கப்பட்டன என்றும், தம் செயலாலேயே தீயனவாயின என்றும் வரையறுத்தது. படைக்கப்பட்ட பொருளுக்கு எல்லையற்ற ஆற்றல் இருத்தல் இயலாது. யோபு என்னும் நூலில், அந்நல்லவனைச் சோதிக்கச் சாத்தான் கடவுளின் இசைவைப் பெற்றே புறப்படுகிறான். அவனுக்கு இட்ட எல்லையைத் தாண்ட அவனால் இயலவில்லை.

இனி, அவனுடைய முறைகளைக் காண்போம். விவிலியத்தில் அவன் பெரும்பாலும் கொம்பும் கோரைப்பல்லும் காட்டி வருவதில்லை, இன்சொல்லோடு வருகிறான். ஏதேன் தோட்டத்தில் பாம்பு முதலில் ஒரு கேள்வியையே எழுப்புகிறது. ஐயத்தை விதைத்த பின்னரே பொய்யைச் சொல்கிறது. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுவிடம், கல்லை அப்பமாக்குமாறு தூண்டுகிறான். இது தேவையின் வழியாக வரும் சோதனை. கோவிலின் உச்சியில் நிறுத்தி, மறைநூல் வாக்கையே எடுத்துக் காட்டிக் குதிக்கச் சொல்கிறான். இது பக்தியின் வழியாக வரும் சோதனை. பின்னர் உலக அரசுகள் அனைத்தையும் காட்டி, தன்னை வணங்கினால் அவற்றைத் தருவதாகச் சொல்கிறான். இது அதிகாரத்தின் வழியாக வரும் சோதனை. மூன்றிலும் வற்புறுத்தல் இல்லை. தூண்டுதல் மட்டுமே உண்டு. தள்ளிவிட அவனால் இயலவில்லை. குதிக்கச் சொல்லவே இயன்றது.

இதற்கு உழவர் அறிந்த ஓர் உவமையை இயேசு கூறினார். நல்ல விதை விதைத்த வயலில், ஆட்கள் உறங்கும்போது பகைவன் வந்து களையை விதைத்துச் செல்கிறான். எங்கள் வளையமாதேவிப் பக்கத்து நெல்வயல்களில் நின்று பார்ப்பவர்க்கு இதன் நுட்பம் விளங்கும். நெல்லினிடையே முளைக்கும் குதிரைவாலிப் புல் இளமையில் நெற்பயிரைப் போலவே தோன்றும். பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முழுப் பொய்யை எவரும் எளிதில் நம்புவதில்லை. மெய்யைப் போலத் தோன்றும் பொய்யே மனிதரை ஏமாற்றும். சாத்தான் ஒளியின் தூதனைப் போல வேடம் பூணுவான் எனப் புனித பவுல் எச்சரித்ததும் இதுபற்றியே.

இவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. மனிதனின் இசைவின்றிச் சாத்தான் அவனைப் பாவியாக்க இயலாது. ஆகவே, 'பிசாசு செய்யச் சொன்னது, செய்தேன்' என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஏதேனில் ஆதாம் ஏவாளைச் சுட்டினான். ஏவாள் பாம்பைச் சுட்டினாள். இருவர் மொழியும் ஏற்கப்படவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலை முதலாகக் கொண்டு, நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். பனியன் கதையில் பயணி செல்லும் வழியில் இரண்டு சிங்கங்கள் நிற்கின்றன. அவை சங்கிலியால் கட்டப்பட்டவை; பயணியோ சங்கிலியைக் காணாமல் நடுங்குகிறான். வழியின் நடுவே நடப்பவனை அவற்றால் தொட முடியாது என்று வாயில்காப்பான் தெளிவுறுத்துகிறான். சாத்தானின் ஆற்றலைப்பற்றிய கிறிஸ்தவப் போதனையின் சாரம் இதுவே.

இப்போதனை அறிஞர்க்கு மட்டும் உரியதன்று; நோயுற்றவர் வாழ்வையும் தொடுவது. மனநோய் கண்டவரைப் 'பேய் பிடித்தவர்' என ஒதுக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடையேயும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை பேயோட்டும் சடங்கை 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூலிலேயே ஒழுங்குபடுத்தியது. அதன் திருத்திய வடிவம் 1999இல் வெளியாயிற்று. ஆயரின் இசைவு பெற்ற குருவே அதனை நடத்தலாம். நோய் வேறு, தீய ஆவியின் செயல் வேறு என்பதை முன்னரே தெளிய வேண்டும் என்றும், நோயைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் பொறுப்பு என்றும் அத்திருச்சபை கூறுகிறது. மாற்கு நற்செய்தியில், ஊரார் விலங்கிட்டும் அடங்காமல் கல்லறைகளில் திரிந்த ஒருவனை இயேசு காண்கிறார். அவர் அவனை அடிக்கவில்லை, கட்டவில்லை, சொல்லினாலேயே குணமாக்குகிறார். அவன் ஆடை உடுத்தித் தெளிந்த அறிவோடு அமர்ந்திருப்பதை ஊரார் பின்னர்க் காண்கின்றனர்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட இயலாமல், 28 பேர் மாண்டனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று தடை செய்கிறது. சட்டம் விலங்கை அகற்றலாம். மனத்தில் உள்ள அச்சத்தை அறிவே அகற்ற வேண்டும்.

கட்டுண்டவன் சாத்தானே என்று கிறிஸ்தவம் கற்பிக்கிறது. அங்ஙனமாக, அவன் பெயரைச் சொல்லி நோயுற்ற மனிதரைக் கட்டுவது எவ்வாறு பொருந்தும்? நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் தனியே பேசினாலோ, உறக்கமின்றித் தவித்தாலோ, அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அதனோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்தும் செல்லுங்கள். சாத்தானின் வேலையைத் தேட வேண்டுமாயின், பிறர் நோயில் தேட வேண்டுவதில்லை. நம் நாவில் எழும் பொய்யிலும், அயலாரைப்பற்றி நாம் கூறும் அவதூறிலும் தேடினால் போதும். அவதூறு சொல்பவன் என்பதுதானே அவன் பெயர்.