அடிபட்ட பிறகு ஆள் மாறுவது ஏன்?

தலையில் அடிபட்டு மும்பையின் சயான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளை உயிர் பிழைத்து வீடு வந்தால் போதும் என்றுதான் எந்தக் குடும்பமும் வேண்டிக்கொள்ளும். கட்டுப் பிரித்து, தையல் ஆறி, நடமாடத் தொடங்கிய பிறகு வேறொரு தொல்லை ஆரம்பிக்கும். அதிர்ந்து பேசாதவன் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவான். சம்பளம் வந்த அன்றே கண்டதையும் வாங்கித் தீர்ப்பான். பெரியவர்கள் எதிரில் வாய்க்கு வந்ததைப் பேசுவான். இன்னொருவன் எதிலும் நாட்டமில்லாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் அக்கம்பக்கத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் இரண்டுதான்: திமிர், சோம்பல். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கயிறு கட்டப் போகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் அது காயத்தின் தொடர்ச்சி. தோலும் எலும்பும் ஆறிவிட்டன. மூளை இன்னும் ஆறவில்லை.

பின்தலையில் அடி, முன்மூளையில் காயம்

நெற்றிக்குப் பின்னால் இருப்பது மூளையின் முன்மடல். ஒரு வேலையைத் திட்டமிடுவது, தொடங்குவது, பின்விளைவை எடைபோடுவது, கோபத்தை அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. கை ஓங்கும்போது ‘பொறு’ என்று சொல்லும் வீட்டுப் பெரியவரைப் போன்றது அது.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்தும் அதிகம். மிக மென்மையான மூளை, மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. கண்குழிகளுக்கு மேலே, மூளையின் முன்பகுதி அமர்ந்திருக்கும் எலும்புத் தளம் மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாக இருக்கும். ஓடும் ரயிலிலிருந்து விழுந்தாலோ, பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டாலோ தலை சட்டென்று நின்றுவிடும். உள்ளே மூளை நிற்காது. அந்தக் கரடான எலும்பில் உரசிக் கன்றிப்போகும். பின்தலையில் அடிபட்டவருக்கும் முன்மடலும், காதுப்பக்க மடலின் நுனியும் காயப்படுவது இதனால்தான்.

அதோடு, மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் அந்த உலுக்கலில் இழுபட்டு அறுந்துபோகலாம். இது சி.டி. ஸ்கேனில் பல நேரம் தெரியாது. ‘சி.டி. நார்மல்’ என்றால் பெரிய ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று பொருள். மூளை முழுக்கப் பழுதில்லாமல் இருக்கிறது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மும்பையில் இப்படி அடிபட வழிகளுக்குப் பஞ்சமில்லை. புறநகர் ரயில் பாதைகளில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர் இறக்கிறார்கள். தண்டவாளம் கடக்கும்போது அடிபடுவதும் கூட்ட நேரத்தில் வண்டியிலிருந்து விழுவதும் முக்கியக் காரணங்கள். தாராவியின் மாடி வீடுகள் பலவற்றுக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில்தான் ஏறியிறங்க வேண்டும். தவழும் குழந்தைக்கு அதுவே ஆபத்து.

தெரிந்தும் ஏன் செய்கிறான்?

குடும்பத்தாரை அதிகம் குழப்புவது இது. உட்கார வைத்துக் கேட்டால் நியாயம் எது, அநியாயம் எது என்று அழகாகச் சொல்கிறான். எழுந்து போனதும் நேர்மாறாகச் செய்கிறான். அப்படியென்றால் வேண்டுமென்றே செய்வதாகத்தானே அர்த்தம்?

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆந்துவான் பெஷாரா, அந்தோனியோ தமாசியோ குழுவினர் 1994-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் தருகிறது. எதிரே நான்கு சீட்டுக்கட்டுகள், விளையாட்டுப் பணம். இரண்டு கட்டுகளில் வரவும் பெரிது, அவ்வப்போது விழும் அபராதம் அதைவிடப் பெரிது. மற்ற இரண்டில் வரவு சிறிது, அபராதமும் சிறிது. போகப் போக லாபம் கையில் தங்கும். சாதாரண ஆட்கள் சில தடவை நஷ்டப்பட்டதும் நிதானமான கட்டுகளுக்கு மாறிவிட்டார்கள். முன்மடலின் அடிப்பகுதி பழுதானவர்கள் பெரிய வரவையே துரத்திக் கையிலிருந்ததை இழந்தார்கள். அவர்களின் அறிவுக்கூர்மையும் நினைவாற்றலும் நன்றாகவே இருந்தன. நஷ்டம் வரப்போகிறது என்ற உள்ளுணர்வு மட்டும் நேரத்துக்கு எழவில்லை.

அறிவு ஓரிடம், அந்த அறிவைத் தக்க நொடியில் நடத்தையாக்கும் திறன் வேறிடம். இரண்டாவது உடைந்தவனிடம் முதலாவதைப் பற்றி உபதேசம் செய்து பயனில்லை.

வளரும் மூளையில் அடிபட்டால்

ஐந்தாறு வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். அளவு வந்துவிட்டதே தவிர வேலை முடியவில்லை. வேண்டாத இணைப்புகள் கழிந்து, வேண்டியவை உறுதிப்படும் பணி தொடர்கிறது. அது கடைசியாக முடியும் பகுதிகளில் ஒன்று முன்மடல். இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும்.

பிஞ்சு மூளை எதையும் தாங்கி மீண்டுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. அது பாதிதான் உண்மை. பிறந்து பதினாறு மாதத்துக்குள் முன்மடல் பழுதாகிப் பின் வளர்ந்து ஆளான இருவரை அதே ஐயோவா குழுவினர் 1999-ல் ஆராய்ந்தார்கள். பெரியவரான பிறகு அடிபட்டவர்களுக்கு நியாய அநியாயம் சொல்லவாவது தெரிந்தது. இந்த இருவருக்கோ அந்தப் பாடமே சரியாகப் பதியவில்லை. சிறு வயதில் பட்ட அடியின் விளைவு உடனே தெரியாமல், பொறுப்பும் நிதானமும் தேவைப்படும் பதின்ம வயதில் வெளிப்படுவதும் உண்டு. பள்ளியில் திடீரென்று ‘அடங்காத பிள்ளை’ ஆனவனிடம், சின்னதில் தலையில் பலத்த அடி பட்டதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடியே படாத வாலிபனுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டில் தனியாக இருந்ததைவிட நண்பர்கள் கூட இருந்தபோது பதின்ம வயதினர் அதிகம் துணிந்தார்கள். 24 வயது கடந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தனியாகப் போகும்போது உள்ளே நின்று வரும் பையன், நான்கு பேர் சேர்ந்ததும் ரயில் கதவில் தொங்குகிறான். புத்திமதி காதில் விழாமல் இல்லை. அந்த நேரத்தில் அதைச் செயல்படுத்தும் பகுதி இன்னும் முதிரவில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது

தலையில் அடிபட்டவர் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, தூக்கம் கலையாமல் மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கிலிருந்து ரத்தமோ நீரோ வடிந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

பிழைத்து வந்தபின் குணம் மாறினால் பழைய கேஸ் பேப்பரையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் அல்லது மனநல ஓ.பி.டி.க்குப் போங்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று எழுதிக்கொண்டு போவது டாக்டருக்குப் பெரிய உதவி. அடிபட்டவருக்குத் தன்னிடம் மாற்றம் இருப்பதே பல நேரம் தெரியாது. உளவியல் நிபுணரின் சோதனைகளும் தொழில்வழிச் சிகிச்சையும் இந்தக் காயத்துக்கு உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் எழும் நேரம், சாப்பிடும் நேரம், வேலை நேரம் மூன்றும் மாறாமல் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பணத்தை இன்னொருவர் கைவழியாகச் செலவிடச் செய்யுங்கள். மது கூடவே கூடாது. ஒழுங்கான அன்றாடம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1848-ல் அமெரிக்காவில் வெடிவைக்கும் வேலையில் இரும்புக் கம்பி முன்மடலைத் துளைத்துச் சென்று, குணமே மாறிப்போன பினியஸ் கேஜ், பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த வேலைதான் அவரைத் தேற்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வருமுன் காக்கும் வழி மலிவானது. ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. பின்னால் உட்கார்ந்து வருபவரும் அணிய வேண்டும் என்பதை மும்பை போக்குவரத்துப் போலீஸ் ஜூன் 2022 முதல் கண்டிப்பாக்கியது; ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் 2023 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி கட்டாயம். அபராதத்துக்குப் பயந்து அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட் வைத்து, முன்னால் பிள்ளையை வெறுந்தலையோடு நிற்க வைத்து ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வண்டியில் இன்னும் வளர்ந்து முடியாத மூளை பிள்ளையுடையதுதான்.